சரிவான புறக்கடையைப் படித்தளங்களாகத் திருத்துதல்

மலைநாட்டில் வீடு கட்டிக்கொண்டவர்களுக்குச் சமதளமான புறக்கடை வாய்ப்பது அரிது. நீலகிரியைப் போன்ற பிரதேசங்களில் வீட்டின் பின்புறம் ஒன்று மேடாக ஏறிச் செல்லும். அல்லது பள்ளமாக இறங்கிச் செல்லும். இவ்விதமான இடத்தைச் சிலர் பிரயோஜனமற்றதெனக் கருதி, முட்செடியும் களையும் மண்டும்படி விட்டுவிடுகின்றனர். வேறு சிலர் அதனைச் சில நாட்களில் சமமாக்கிவிட வேண்டுமென்ற ஆவலால் மேட்டைச் செங்குத்தாக வெட்டி, வெட்டிய மண்ணைப் பள்ளத்தில் தள்ளிவிடுகின்றனர். முன்னவர்க்கு நேரும் நஷ்டம் வருஷந்தோறும் கிடைத்திருக்கக்கூடிய காய்கறியும் கனியும் மட்டுமே. பின்னவர்க்கு நேரக்கூடிய நஷ்டமோ வீடு. சில சமயங்களில் உயிர்.

நீலகிரியில் 1978, 1979 ஆகிய வருஷங்களிலும், 1993 நவம்பரில் குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடைப்பட்ட மரப்பாலத்திலும் பெரும் மண்சரிவுகள் நேர்ந்தன. 2009 நவம்பரில் பெய்த அடைமழையில் உதகை, குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் அநேக இடங்கள் சரிந்து, நாற்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். இச்சரிவுகளுக்கெல்லாம் வீட்டுக்காரர்களின் மண்வெட்டியே காரணமென்று சொல்வதற்கில்லை. ஆயினும், செங்குத்தாக வெட்டிய கரையும், மூடப்பட்ட ஓடையும், கெட்டிப்படுத்தாமல் கொட்டிய மண்ணும் உள்ள இடத்தில் சாதாரண மழையும் ஆபத்தாய் முடியும் என்பதை மலைவாசிகள் நன்கறிவர்.

சரிவான புறக்கடையை அழகும் பயனும் உள்ள தோட்டமாக மாற்றுவது கடினமான காரியமன்று. ஒரு குடும்பத்தார் தங்கள் கையாலேயே ஒரு கோடைக்காலத்தில் பெரும்பகுதியைச் செய்து முடிக்கலாம். ஆனால் அதற்கு ஒரு கிரமம் உண்டு. ஜலத்துக்கு வழி முதலில்; மண்ணுக்குத் தளம் பிறகு; செடிக்கு இடம் கடைசியில். இக்கிரமத்தை மாற்றிச் செய்தால் செய்த வேலையத்தனையும் முதல் மழைக்கே வீணாகும்.

மலைமண்ணின் இயல்பு

நீலகிரியின் மேல்மண் பெரும்பாலும் இலைமக்கு நிறைந்து கறுத்தும், மிருதுவாயும் இருக்கும். அதன்கீழ் சிவந்த களிகலந்த மண்ணும், அதற்கும் கீழே காலப்போக்கில் இற்றுப்போன பாறையும் பல அடி ஆழத்துக்கு உண்டு. உலர்ந்திருக்கும் காலத்தில் இச்சிவந்த மண் செங்குத்தாக வெட்டினாலும் சுவர்போல் நிற்கும். கோடையில் வெட்டியவர்கள் இதைக் கண்டே ஏமாறுகின்றனர். மழைக்காலத்தில் ஜலம் உள்ளே இறங்க இறங்க, மண்ணின் எடை அதிகரிக்கும். துகள்களின் பிடிப்போ தளர்ந்துகொண்டே போகும். எடை மிகுந்து பிடிப்புக் குறையும் அத்தருணத்தில் கரை சரிகிறது. ஆகவே மலைச்சரிவில் மனிதன் எதிர்த்துப் போராடவேண்டியது மண்ணையன்று. மண்ணுக்குள் தங்கும் ஜலத்தையே.

இங்கு சமவெளி விவசாயிகளுக்கும் மலைநாட்டாருக்கும் உள்ள ஒரு வேற்றுமையைக் கவனித்தல் அவசியம். சமவெளியில் வரப்பை உயர்த்தி, பெய்த மழையைப் பூமியிலேயே தேக்கிக்கொள்வது சிறந்த முறை. மலையில் வீட்டையொட்டிய சரிவில் அவ்விதம் தேக்குவது தகாது. ஜலம் மெல்ல நடந்து, மண்ணை எடுத்துச் செல்லாமல், குறித்த வழியே வெளியேற வேண்டும். வேகமாய் ஓடினால் அரிப்பு. தேங்கி நின்றால் சரிவு. இவ்விரண்டுக்கும் நடுவே நடத்திச் செல்வதே படித்தள வேலையின் இரகசியமாகும்.

சரிவை அளந்தறிதல்

வேலை தொடங்குமுன் சரிவு எவ்வளவு என்பதை அளந்துகொள்ள வேண்டும். ஐந்தடி நீளமுள்ள நேரான மரச்சட்டம் ஒன்றும், கொத்தனார் உபயோகிக்கும் ரசமட்டமும், அளவுநாடாவும் போதும். சட்டத்தின் ஒரு முனையைச் சரிவின் மேற்பக்கத்தில் தரையில் வைத்து, ரசமட்டம் காட்டுமாறு மறுமுனையைச் சமமாக உயர்த்திப் பிடித்து, அம்முனைக்கும் தரைக்கும் உள்ள உயரத்தை அளக்க வேண்டும். அந்த உயரம் 15 அங்குலமாயின், 60 அங்குலத்துக்கு 15 அங்குலம் இறக்கம். அதாவது நூற்றுக்கு 25 சரிவு. இவ்வாறு உச்சியிலிருந்து அடிவரை சட்டம் சட்டமாக அளந்து கூட்டினால் புறக்கடையின் முழு இறக்கமும் தெரியவரும்.

பொதுவாக, நூற்றுக்கு 16 முதல் 33 வரை உள்ள சரிவுகளே படித்தளங்களுக்கு ஏற்றவை. அதற்குக் குறைந்த சரிவில் சமமட்டக் கோட்டில் வரப்பும் புல்வரிசையும் அமைத்தால் போதும். அதற்கு மேற்பட்ட செங்குத்தான சரிவை வெட்டிப் பயிரிட முயலாமல், புல்லும் புதரும் மரமும் மூடியிருக்கும்படி விட்டுவிடுவதே நலம். அவ்விதம் விடப்பட்ட பசுஞ்சரிவு வீட்டுக்கு அழகும் ஆகும், அரணும் ஆகும்.

உயரக்குறைவான பல படிகளே உத்தமம்

உதாரணமாக, வீட்டின் பின்னே 40 அடி தூரத்துக்கு நூற்றுக்கு 25 வீதம் ஏறிச் செல்லும் 30 அடி அகலமான புறக்கடை ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். மொத்த ஏற்றம் 10 அடி. பரப்பு 1,200 சதுர அடி. ஏறக்குறைய 2¾ சென்ட்.

இதனை ஒரே தளமாகச் சமப்படுத்த விரும்பினால், மேற்பாதியில் 5 அடி ஆழம்வரை வெட்டிக் கீழ்ப்பாதியில் 5 அடி உயரம்வரை நிரப்ப வேண்டும். வெட்டவேண்டிய மண் சுமார் 1,500 கன அடி. இதையே இரண்டரை அடி உயரமும் பத்தடி அகலமும் உள்ள நான்கு படிகளாகப் பிரித்தால், வெட்டவேண்டிய மண் 375 கன அடியே; அதாவது நாலில் ஒரு பங்கு. வெட்டின் ஆழமும் எந்த இடத்திலும் 15 அங்குலத்துக்கு மேற்படாது. கூலியிலும் காலத்திலும் உண்டாகும் மிச்சம் இதனாலேயே விளங்கும்.

மிச்சத்தைவிட முக்கியமானது பந்தோபஸ்து. ஒரு தடுப்புச் சுவரின் உயரம் இரட்டித்தால், அதன்மேல் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. சுவரைக் கவிழ்க்கும் திறனோ எட்டு மடங்காகிறது. ஆகையால் இரண்டரை அடிச் சுவர் நான்கு கட்டத் தெரிந்தவர், அந்த அறிவைக்கொண்டே பத்தடிச் சுவர் ஒன்றைக் கட்டத் துணியலாகாது. மூன்றடிக்கு மேற்பட்ட சுவர் எதுவாயினும் தேர்ந்த பொறியாளரின் யோசனையின்றிக் கட்டுதல் கூடாது.

வீட்டுச் சுவருக்கும் முதற்படியின் சுவருக்கும் இடையே ஆள் நடமாடவும், வடிகாலில் விழுந்த மண்ணை வாரவும் போதுமான வெளி விடவேண்டும். மேட்டை வீட்டுச் சுவரோடு ஒட்டவைத்து, அச்சுவரையே தடுப்பாக நம்புவது பெரும் பிழை.

முதல் வேலை: ஜலத்தைத் திருப்பும் கால்வாய்

மேற்சொன்ன 1,200 சதுர அடிப் புறக்கடையில் ஓர் அங்குல மழை பெய்தால், அதில் விழும் ஜலம் 100 கன அடி. ஏறக்குறைய 2,830 லிட்டர். 2019 ஆகஸ்டு 8-ஆம் தேதி அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் மழை பதிவாயிற்று. அவ்வளவு மழை இச்சிறு புறக்கடையில் பெய்யுமாயின் 91,000 லிட்டருக்கு மேற்பட்ட ஜலம் ஒரு நாளில் இறங்கும். இதனோடு மேலேயுள்ள பூமியிலிருந்து வழிந்து வருவதும் சேர்ந்தால் எந்தப் படியும் தாங்காது. ஆதலால், மேலிருந்து வரும் ஜலத்தைப் புறக்கடைக்குள் நுழையவிடாமல் உச்சியிலேயே திருப்பிவிட வேண்டும்.

இதற்காகப் புறக்கடையின் மேல் எல்லையில், சரிவுக்குக் குறுக்காக ஒரு கால்வாய் வெட்டப்படும். சிறு புறக்கடைக்கு ஓரடி ஆழமும், அடியில் ஓரடி அகலமும், மேலே சாய்ந்து விரியும் கரைகளும் இருந்தால் பெரும்பாலும் போதும். மேலே பெரும் பரப்பு இருந்தால் அதற்கேற்பப் பெரிதாக்க வேண்டும். வெட்டிய மண்ணைக் கால்வாயின் கீழ்ப்பக்கத்தில் கரையாகப் போட்டுக் கெட்டிப்படுத்திப் புல் பதித்தல் வேண்டும். கால்வாய் முப்பதடிக்கு இரண்டு அல்லது மூன்று அங்குலம் மட்டுமே இறங்க வேண்டும். இறக்கம் மிகுந்தால் கால்வாயே ஓடையாக அரிந்துவிடும். குறைந்தால் ஜலம் நின்று உள்ளே ஊறும்.

கால்வாய் முடியும் இடம் மிகவும் முக்கியம். அது ஏற்கெனவே உள்ள இயற்கை ஓடையிலோ, சாலை வடிகாலிலோ சேரவேண்டும். அயலார் பூமியில் ஜலத்தைத் திருப்பிவிடுவது நியாயமும் அன்று, வழக்குக்கும் இடமாகும். புறக்கடையின் ஓரமாக ஜலம் கீழே இறங்கும் வழியில் கற்களைப் பதித்து, சிறு சிறு படிகளாகக் கல்லோடை அமைத்தால், விழும் வேகம் படிக்குப் படி தணியும். ஓடையின் அடியில் ஒரு வண்டல் குழி இருக்குமாயின் அரித்துவந்த மண் அதில் தங்கும். அதை வாரி மறுபடி தோட்டத்தில் சேர்த்துக்கொள்ளலாம்.

கூரையிலிருந்து விழும் ஜலத்தையும் குழாய்களால் திரட்டித் தொட்டியிலோ வடிகாலிலோ சேர்க்க வேண்டும். சமையலறை, குளியலறைக் கழிவுஜலத்தைச் சரிவின்மேல் விடுவதும், வீட்டுக்கு மேலுள்ள மேட்டில் ஊறுகுழி தோண்டுவதும் அறவே விலக்கத்தக்கவை. மழையில்லா நாளிலும் மேட்டை உள்ளே நனைத்துக்கொண்டிருப்பவை இவையே.

மட்டக்கோடு போடுதல்

படிகள் சமமட்டக் கோட்டை ஒட்டி அமையவேண்டும். கயிறு கட்டி நேர்க்கோடாக வெட்டினால், மேடுபள்ளமான இடத்தில் ஒரு முனை உயர்ந்தும் ஒரு முனை தாழ்ந்தும் போகும். தாழ்ந்த முனையில் ஜலம் திரண்டு கரையை உடைக்கும்.

சமமட்டம் காண மலைக்குடியானவர்கள் எளிதில் செய்துகொள்ளத்தக்க கருவி ஒன்று உண்டு. ஆறரை அல்லது ஏழடி நீளமுள்ள இரண்டு கழிகளை உச்சியில் சேர்த்துக் கட்டி, அடியில் கால்கள் ஆறடி அகன்று நிற்குமாறு நடுவில் ஒரு குறுக்குக் கழி பிணைக்க வேண்டும். உச்சியிலிருந்து ஒரு கயிற்றில் தூக்குக்குண்டு தொங்கவிடப்படும். குண்டு கிடைக்காவிடில் ஒரு கல் போதும். இரண்டு முளைகளின்மேல் கால்களை நிறுத்தி, கயிறு குறுக்குக் கழியைத் தொடும் இடத்தில் ஒரு குறி இடுக. பிறகு கால்களை இடம்மாற்றி அதே முளைகளின்மேல் நிறுத்தி மற்றொரு குறி இடுக. இவ்விரு குறிகளுக்கும் நட்டநடுவே உள்ள புள்ளியே மட்டப்புள்ளி. கயிறு அப்புள்ளியில் நிற்கும்போதெல்லாம் இரு கால்களும் ஒரே மட்டத்தில் இருப்பதாகக் கொள்ளலாம்.

இக்கருவியை ஒரு காலை ஊன்றி மறுகாலைச் சுழற்றிக்கொண்டே சரிவின் குறுக்கே நடத்திச் சென்று, ஒவ்வோர் அடிவைப்பிலும் ஒரு முளை அடித்தால், முளைகளின் வரிசையே சமமட்டக் கோடு. வடிகாலுக்கு வேண்டிய சிறு இறக்கம் கொடுக்க, ஜலம் வெளியேறும் பக்கத்துக் காலின் அடியில் அரை அங்குலக் கட்டை ஒன்றைக் கட்டிக்கொண்டால் போதும். முப்பதடியில் இரண்டரை அங்குல இறக்கம் தானே அமையும். கொத்தனார்கள் கையாளும் குழாய்மட்டத்தாலும் இவ்வேலையைச் செய்யலாம்.

வெட்டும் முறை

வெட்டும் வேலையைக் கோடையில் தொடங்கி மழைக்குமுன் முடிக்க வேண்டும். கூடலூர் முதலிய மேற்குப் பகுதிகளுக்குத் தென்மேற்குப் பருவக்காற்றும், குன்னூர், கோத்தகிரி முதலிய கிழக்குப் பகுதிகளுக்கு வடகிழக்குப் பருவக்காற்றும் பெருமழை தருவன. எப்பகுதியாயினும் ஜனவரி முதல் ஏப்ரல் வரை உள்ள மாதங்களே உகந்தவை. எத்தனை படிகளைக் கல் அடுக்கி முடிக்க இயலுமோ அத்தனையே அவ்வருஷம் வெட்ட வேண்டும். பாதி வெட்டி விட்ட கரையை மழைக்குக் காட்டுவது ஆபத்து.

மேல்கால்வாய் முடிந்தபின் படிகளை அடியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிச் செய்தல் நன்று. முதலில் அடிப்படியின் கறுத்த மேல்மண்ணை ஆறு அங்குலம் அளவு வழித்து ஒருபுறம் குவித்துக்கொள்ள வேண்டும். பிறகு அடிமண்ணை மேற்பாதியில் வெட்டிக் கீழ்ப்பாதியில் நிரப்பித் தளமாக்க வேண்டும். தளம் முடிந்ததும், அதற்கு அடுத்த மேற்படியின் மேல்மண்ணை வழித்து இத்தளத்தின்மேல் பரப்ப வேண்டும். இப்படியே ஏறிச் சென்றால், உச்சிப்படிக்கு வேண்டிய மேல்மண் முதலில் குவித்துவைத்த குவியலிலிருந்து கிடைக்கும். மேல்மண்ணைக் காப்பாற்றாமல் சிவந்த அடிமண்ணை மேலே விட்டவர்களுக்குப் பல வருஷம் எருவிட்டாலும் செடி செழிப்பதில்லை.

நிரப்பும் மண்ணை ஆறு அங்குலத்துக்கு ஒரு வரியாகப் போட்டு, சற்று ஈரமாயிருக்கையில் திமிசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்த வேண்டும். வேர், கட்டை, செத்தை முதலியவற்றை நிரப்பில் சேர்க்கலாகாது. அவை மக்கியபின் உள்ளே பொந்து உண்டாகி ஜலம் தங்கும்.

தளம் முழுச் சமமாகவோ வெளிப்புறம் சாய்ந்தோ இராமல், பத்தடிக்கு மூன்று அங்குலம் மேட்டுப்பக்கமாக உள்ளே சாய்ந்திருக்க வேண்டும். அவ்விதமாயின் மழைஜலம் கரையின் விளிம்பில் வழியாமல் உட்புறம் சென்று, மேற்சுவரின் அடியிலுள்ள சிறு வடிகாலில் விழுந்து ஓரத்துக் கல்லோடையை அடையும்.

கல் அடுக்கும் முறை

படிகளின் முகப்பைத் தாங்க, சாந்து பூசாத கருங்கல் அடுக்குச் சுவர் மிகப் பொருத்தமானது. அதன் இடுக்குகளின் வழியே ஜலம் கசிந்து வெளியேறுவதால் பின்னால் அழுத்தம் சேர்வதில்லை. சாந்திட்ட சுவர் பார்வைக்கு உறுதியாய்த் தோன்றினும், ஜலம் வெளியேற வழியில்லாவிடில் அதுவே முதலில் விழும். சாந்திட்டே கட்ட விரும்புவோர், சுவரின் அடிப்பகுதியில் நெருக்கமாகக் கசிவுத் துளைகள் விடுவது இன்றியமையாதது.

இரண்டரை அடிச் சுவருக்கு, கெட்டியான அடிமண் காணும்வரை சுமார் ஓரடி ஆழம் கடைக்கால் தோண்ட வேண்டும். சுவரின் அடி ஒன்றரை அடிக்குக் குறையாத கனம் உடையதாய் இருக்கவேண்டும். பெரிய கற்கள் அடியிலும், கடைக்காலின் தளம் மேட்டுப்பக்கம் சற்றுச் சாய்ந்தும் இருந்தால் ஒவ்வொரு கல்லும் மலையின்மேல் சாய்ந்து நிற்கும். கீழ்வரியின் இரு கற்கள் கூடும் இணைப்பின்மேல் மேல்வரியின் கல் உட்காரவேண்டும். இணைப்பின்மேல் இணைப்பு வருதல் கூடாது. மூன்று நான்கு அடிக்கு ஒரு நீண்ட கல்லைச் சுவரின் முகத்திலிருந்து மண்ணுக்குள் செல்லுமாறு குறுக்கே பதித்தால் அதுவே சுவரைப் பிணைத்து நிற்கும். முகப்பு, ஆறடி உயரத்துக்கு ஓரடி வீதம், அதாவது இரண்டரை அடிக்கு ஐந்து அங்குலம், உட்சாய்வாக ஏறவேண்டும். சுவருக்குப் பின்னால் ஓரடி கனத்துக்குச் சிறுகல்லும் ஜல்லியும் நிரப்பி, அதன் பின்னரே மண் போடவேண்டும்.

கல் அகப்படாத இடங்களில் மண்கரையையே சாய்வாகச் செதுக்கிப் புல் பதிக்கலாம். இரண்டடி உயரத்துக்கு ஓரடி சாய்வு கொடுப்பதாயின், இரண்டரை அடிக் கரை 15 அங்குல இடத்தை எடுத்துக்கொள்ளும். பத்தடிப் படியில் எட்டடி ஒன்பது அங்குலம் தளமாக எஞ்சும்.

கரையைப் பிடிக்கும் புல்

மண்கரைக்குப் புல்லைப்போன்ற காவலாளி இல்லை. உறைபனி விழாத தாழ்ந்த மலைப்பகுதிகளில் வெட்டிவேர் மிகச் சிறந்தது. அதன் வேர் பக்கவாட்டில் படர்ந்து பயிரின் உணவைக் கவராமல் நேராகக் கீழிறங்கி, ஆறடிக்கும் மேல் ஆழம் செல்வதுண்டு. தூரைப் பிரித்து, நான்கு முதல் ஆறு அங்குலத்துக்கு ஒன்றாக, கரையின் விளிம்பையொட்டி வரிசையாக நட வேண்டும். இடைவெளி விட்டால் அவ்விடத்தில் ஜலம் புகுந்து அரிக்கும். தேயிலைப் பிரதேசங்களில் மண்ணைச் சீர்திருத்தத் தோட்டக்காரர்கள் வளர்க்கும் குவாதிமாலாப் புல்லையும் பயன்படுத்தலாம். வெட்டிய புல் மூடாக்குக்கு உதவும். உறைபனி விழும் உயர்ந்த இடங்களில், அவ்விடத்திலேயே இயல்பாய் வளரும் புல்லைக் கரணைகளாக வெட்டிப் பதித்தல் நலம். கிக்குயுப் புல் விரைந்து மூடுமாயினும், பாத்திகளுக்குள் புகுந்து தொல்லை தருமாதலால் விளிம்பைத் தாண்டாமல் அடிக்கடி வெட்டிவர வேண்டும். மழை தொடங்கியதும் நடப்படும் புல்லே நன்றாய் வேர்கொள்ளும்.

தோட்ட அமைப்பும் அழகும்

சரிவான பூமி அழகுக்குத் தடையன்று. சமதளத்துக்கு இல்லாத அழகு அதற்கு உண்டு. உதகையின் அரசினர் தாவரவியல் தோட்டம் 1848-ஆம் வருஷத்தில் வில்லியம் கிரஹாம் மக்கைவர் என்பவரால் தொட்டபெட்டா மலையின் அடிச்சரிவுகளில் படிப்படியாக அமைக்கப்பட்டது. குன்னூரின் சிம்ஸ் பூங்கா 1874-இல் ஒரு பள்ளத்தாக்கின் இயற்கை வளைவையே ஒட்டி உருவாயிற்று. உதகையில் 1995-இல் திறக்கப்பட்ட ரோஜாத் தோட்டம் எல்க் மலைச்சரிவில் ஐந்து படித்தளங்களில் அமைந்துள்ளது. இவற்றைச் சுற்றிவரும் குடியானவர்கள் மலர்களை மட்டும் பார்த்துத் திரும்பாமல், படிகளின் வளைவையும், பாதைகள் சரிவை எவ்விதம் தழுவிச் செல்கின்றன என்பதையும் பார்த்துவருதல் பயன் தரும்.

வீட்டுப் புறக்கடையிலும் அவ்விதமே பாதையை மேலிருந்து கீழாக நேரே விடாமல், ஒரு படியில் இடப்புறமும் அடுத்த படியில் வலப்புறமுமாக மாற்றி அமைக்க வேண்டும். நேர்ப்பாதை மழைக்காலத்தில் ஓடையாகிவிடும். கற்படிக்கு ஆறு அங்குல உயரமும் ஓரடிக்குக் குறையாத அகலமும் இருந்தால் முதியோரும் குழந்தைகளும் எளிதில் ஏறியிறங்கலாம்.

வீட்டை அடுத்த கீழ்ப்படியில் கீரை, கொத்தமல்லி, புதினா முதலிய அன்றாடத் தேவைகளும், நடுப்படிகளில் உயரத்துக்கேற்பக் காரட், பீட்ரூட், முட்டைக்கோசு, பீன்ஸ் முதலியனவும் பயிரிடலாம். பாத்திகளைச் சரிவுக்குக் குறுக்காகவே அமைக்க வேண்டும். உச்சிப்படியில் பிளம்ஸ், பேரி, பீச் போன்ற கனிமரங்களை நடலாம். தாழ்ந்த மலைகளில் எலுமிச்சையும் கொய்யாவும் ஏற்றவை. மரத்தைச் சுவரின் விளிம்பில் நடாமல், தளத்தின் உட்பக்கமாகத் தள்ளி நடவேண்டும். காற்றில் அசையும் மரம் விளிம்பு மண்ணை இளக்கும். பருக்கும் வேர் கல்லைத் தள்ளும். பயிரில்லாத மாதங்களில் மண்ணைத் திறந்தபடி விடாமல் செத்தையால் மூடிவைப்பது அவசியம்.

பராமரிப்பும் அபாயக் குறிகளும்

படித்தளம் ஒருமுறை அமைத்துவிட்டால் முடிந்துவிடும் வேலையன்று. ஒவ்வொரு பருவமழைக்கு முன்பும் கால்வாயையும் வடிகால்களையும் தூர்வாரி, சரிந்த கல்லை எடுத்து வைத்து, புல்வரிசையில் பட்டுப்போன இடங்களை நிரப்ப வேண்டும். பெருமழை பெய்யும்போதே ஒருமுறை சுற்றிப் பார்ப்பது பத்து நாள் ஆராய்ச்சிக்குச் சமம். ஜலம் எங்கே தேங்குகிறது, எங்கே வழி தவறுகிறது என்பது அப்போதுதான் தெரியும். ஆனால் மேட்டின் அடியிலோ சுவரின் அடியிலோ போய் நிற்காமல், பந்தோபஸ்தான இடத்தில் இருந்தே பார்க்க வேண்டும்.

கீழ்க்காணும் குறிகளில் எதனையும் அலட்சியம் செய்யலாகாது: மேட்டில் குறுக்காகத் தோன்றும் புதிய வெடிப்பு, நேராயிருந்த மரமோ கம்பமோ சாய்தல், சுவரின் நடு வயிறு தள்ளுதல், வீட்டுக் கதவுகள் திடீரெனப் பிடித்துக்கொள்ளுதல், இதுவரை இல்லாத இடத்தில் ஊற்று கிளம்புதல், தெளிவாய் ஓடிய கசிவுஜலம் கலங்கி ஓடுதல். அடைமழையில் இவை தோன்றினால், சுவருக்கு முட்டுக் கொடுக்க முயலாமல், ஆட்களும் கால்நடைகளும் உடனே அவ்விடம் விட்டு அகல வேண்டும். மாவட்டப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறைக்கு 1077 என்ற எண்ணில் தகவல் தரலாம்.

கிராம உத்தியோகஸ்தர்களின் கவனத்துக்கு

அறிவிக்கப்பட்ட மலைப்பகுதிகளில் மரம் வெட்டுதலும், புதிதாகப் பூமியைத் திருத்திப் பயிரிடுதலும் 1955-ஆம் வருஷத்திய மலைப்பகுதிகள் மரங்கள் பாதுகாப்புச் சட்டத்துக்கு உட்பட்டவை. மலையிடப் பாதுகாப்புக் குழுமத்தின் எல்லைக்குட்பட்ட கிராமங்களில் கட்டடங்களுக்குத் தனி அனுமதி வேண்டும். நீலகிரியில் மண் தோண்டும் இயந்திரங்களை மாவட்ட ஆட்சியரின் முன்அனுமதியின்றி இயக்குதல் கூடாது. இவ்விதிகள் குடியானவர்களுக்குத் தொல்லை தருவதற்காக ஏற்பட்டவையல்ல. இயந்திரம் ஒரு பகலில் வெட்டும் கரை, மேல்வீட்டாருக்கும் கீழ்வீட்டாருக்கும் பல வருஷங்களுக்கு ஆபத்தாய் நிற்கும் என்பதாலேயே ஏற்பட்டன. வேலை தொடங்குமுன் விண்ணப்பம் எவ்விதம் செய்வது என்பதைக் கிராம உத்தியோகஸ்தர்கள் குடிகளுக்கு எடுத்துச்சொல்லி, இயற்கை ஓடைகளை மண்ணிட்டு மூடுவதைத் தொடக்கத்திலேயே தடுப்பார்களாயின், பின்னால் நேரும் பெருந்துன்பங்களில் பலவற்றைத் தவிர்க்கலாம்.

மலைச்சரிவில் ஒருவருடைய புறக்கடை மற்றொருவருடைய கூரைக்கு மேலே இருக்கிறது. ஆகவே அதனைச் செம்மையாகத் திருத்துவது தன் குடும்பத்துக்குக் காய்கறி தேடிக்கொள்ளும் காரியம் மட்டுமன்று. கீழே உறங்குவோருக்குச் செய்யும் கடமையும் ஆகும். இவ்வருஷக் கோடையில் மேல்கால்வாயும் கல்லோடையும், ஒரு படியும் முடிந்தால் போதும். அடுத்த மழை அவ்வேலையைச் சோதித்துக் காட்டும். அதன்பின் அடுத்த படிக்கு ஏறலாம்.